திரை சொன்ன விலை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் விலை பேசுவதற்கு விதவிதமான வாய்கள் உண்டு. குஜராத்தி சேட்டு பாக்கு மெல்லுகிற சாக்கில் பேசுவார். கொங்கணிக்காரர் தலையை ஆட்டாமலே ஆட்டிக் காட்டுவார். மலையாளத் தரகன் உங்கள் மகளின் கல்யாணம், மருமகனின் விசா எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, செருப்பு மாட்டும்போதுதான் சரக்குக்கு வருவான். இத்தனை வாய்களுக்கு நடுவே, ஒரு வார்த்தையும் பேசாமல் விலையை ஏற்றிக் கொடுத்த வாய் ஒன்று இருந்தது. சுக்கு வியாபாரி முகைதீன் பிச்சையின் பாண்டிகசாலையில், பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது அது. சொந்தக்காரி அவர் பெண்டாட்டி ஆரிஃபா. தன்னிடம் அப்படியொரு வாய் இருப்பது அவளுக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

பாண்டிகசாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருவைப் பார்த்து ஒரு கிட்டங்கி. தரையின் ஈரம் ஏறாமலிருக்கப் பலகை போட்டு, அதன்மேல் சுக்கு மூட்டைகள். அதற்கடுத்து ஒரு நடு அறை. மேசை, முகைதீன் பிச்சை உட்காரும் பிரம்பு நாற்காலி, எதிரே வாங்க வருகிறவர்களுக்கு இரண்டு மர நாற்காலி. நடு அறைக்கும் வீட்டுக்கும் இடையில் கதவு கிடையாது, திரைதான். அந்தப் பக்கம் அடுக்களை, ஒரு கூடம், மாடியில் ஓர் அறை. பின்வாசலைத் திறந்தால் காயல். ஏ.சி. போட்ட வாட்டர் மெட்ரோ படகு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள், ஆரிஃபா துணி காயப்போடுவதைப் படம் எடுப்பார்கள். எந்தெந்த ஊர் போன்களில் தன்னுடைய பழைய நைட்டிகள் போய்ச் சேர்ந்தனவோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மீன மாதத்துப் பங்குனி வெயிலில் ஒரு நாள், எதிர் நாற்காலிக்காரரிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தபோதே முகைதீன் பிச்சை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார். வாழ்க்கையில் அவர் முடிக்காமல் விட்ட ஒரே பேரம் அது.

அதற்குப் பிறகு இத்தா. புருஷனைப் பறிகொடுத்தவள் வெளியே இறங்காமல் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள். முதல் நாளே வளையல்களைக் கழற்றினார்கள். முகைதீன் பிச்சையின் தம்பி அசனார் கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை இடக்கொச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்கு மீன்வலையும் கயிறும் விற்கிற கடை. "மைனி பேடிக்க வேண்டாம், பத்திரமா இருக்கும்" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. சாவி அங்கே, ஆரிஃபா இங்கே.

வந்தவர்கள் போனார்கள். மகன் ஃபயாஸ் மனைவியோடும் மகளோடும் காக்கநாட்டில் பதினான்காவது மாடியில் இருந்தான், கம்ப்யூட்டர் கம்பெனி. மருமகள் லமியா நல்ல பெண். தினமும் காலையில் வாட்ஸாப்பில் ஒரு ஒலிப்பதிவு அனுப்புவாள். இனிப்பான குரலில் ஒரு பெண் மலையாளத்தில் சொல்வாள்: கண்ணை மூடுங்கள், உங்களுக்குள்ளே இருக்கும் சக்தியைத் தேடுங்கள், அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆரிஃபா கண்ணை மூடுவாள். உள்ளே தேடிப் பார்ப்பாள். காலையில் தின்ற புட்டுதான் இருக்கும்.

அவளுக்குள் சக்தி என்று ஒன்று இருந்ததாக அவள் நினைக்கவில்லை. இருந்தது எல்லாம் அவருடைய நாக்கு. அந்த நாக்கு சம்பாதித்தது, உறவைக் கூட்டியது, சண்டையைத் தீர்த்தது, மழைக்காலத்தில் மங்கிய சுக்கைக்கூட மணக்க வைத்தது. தூக்கத்திலும் ஓயாத நாக்கு. அது மண்ணுக்குள் போனபின் வீட்டில் சத்தம் என்று மிஞ்சியது ஃப்ரிட்ஜின் உறுமலும் தகரக்கூரையில் மழையும்தான். பேசுவதற்கு ஆளில்லாமல் அவளுடைய தொண்டை பூட்டிப்போட்ட குழாய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் வைப்பின் தீவிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டு வரும் சேவியரைக் கூப்பிட வாசலுக்கு வந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது முறை ஏதோ கரகரத்தது.

"சேச்சிக்கு சளியா?" என்றான் சேவியர்.

"ஆமா" என்றாள். வேறென்ன சொல்வது?

கர்க்கடக மாதத்து ஆடி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் இத்தா முடிந்தது. மறுநாளே ஃபயாஸ் போன் செய்தான்.

"உம்மா, ஞாயித்துக்கிழமை நானும் சாச்சாவும் வர்றோம். ரஹீனா மாமியும் வருவாங்க. எல்லாம் ஒண்ணு பேசி முடிச்சுரலாம்."

"எல்லாம்னா?"

"கடையை இனி என்ன செய்யுறது உம்மா. அங்க ஒத்தையா எப்படி இருப்பீங்க? குட்டியும் உங்களைக் கேட்டுட்டே இருக்கா."

விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. கிட்டங்கியை எவனுக்காவது வாடகைக்கு விடுவார்கள். அவளைக் காக்கநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மகன் வீடுதான், நரகம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒருமுறை போய் ஒரு வாரம் இருந்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் மேகம்தான் இருந்தது. ஒரு மீன்காரன் குரல் கிடையாது. பகல் முழுக்க டி.வி.யும் அவளும். இங்கே தனிமை என்றாலும் அது அவளுடைய தனிமை. எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று இருட்டிலும் தெரியும். அங்கே இருப்பது அடுத்தவர் வீட்டுத் தனிமை. அங்கே போக அவளுக்கு மனமில்லை. இங்கேயே இருக்க வேண்டும், கடை திறக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் நாக்கு இல்லை.

சனிக்கிழமை முழுக்க, சொல்ல வேண்டியதை அடுக்களையில் நின்று சொல்லிப் பார்த்தாள். "நான் வரல." தேங்காய் துருவிக்கொண்டே ஒரு தடவை. "நான் இங்கயே இருக்கேன்." அரிசி களைந்துகொண்டே ஒரு தடவை. சட்டிபானைகள் ஒத்துக்கொண்டன.

இங்கே அந்தத் திரையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமாகிப் புளியங்குடியிலிருந்து வந்த புதிதில் ஒரு நாள், நடு அறையில் பேரம் முட்டிக்கொண்டு நின்றது. முகைதீன் பிச்சைக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனது. அபூர்வமாக அப்படி நடக்கும். சும்மா விளையாட்டுக்குத் திரையைப் பார்த்து, "ஆரிஃபா, என்ன சொல்றே? கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஆரிஃபா பதில் சொல்லவில்லை. மரியாதையாலோ சூழ்ச்சியாலோ அல்ல. அவள் வாயில் அப்போதுதான் போட்டிருந்த கொதிக்கக் கொதிக்க ஒரு துண்டு கப்பைக்கிழங்கு இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் முட்ட நின்றாள். வெளியே இருந்தவர், உள்ளே இருக்கும் அம்மாளுக்கு விலை திருப்தியில்லை என்று எண்ணிக்கொண்டார். கொஞ்சம் ஏற்றினார். கப்பை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினார். கப்பை இறங்கியது, மார்பைத் தட்டிக்கொண்டாள், வளையல் குலுங்கியது. "சரி, சம்மதம் கிடைச்சுட்டு" என்று முகைதீன் பிச்சை கையை நீட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. விலை முட்டும்போது அவர் திரையைக் கேட்பார். திரை சும்மா இருக்கும். வளையல் குலுங்கினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். வாங்க வந்தவர் போனபிறகு அவர் திரைக்குள் வந்து, தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "எப்படி?" என்பார். அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள்: "அவசரப்பட்டுட்டீங்க." வளையலைக் குலுக்கியது அவளேதான் என்றாலும் அப்படித்தான் சொல்வாள்.

இது அவருடைய வித்தை என்றே ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். சும்மா இருப்பதெல்லாம் ஒரு வேலையா?

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு விட்டு அடித்தது. அசனார் வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு சாவியோடு வந்தார். கூடவே ஃபயாஸ். முகைதீன் பிச்சையின் தங்கை ரஹீனா நேரே திரைக்கு உள்ளே வந்து, மதினியின் தோளில் கை போட்டு, "எலும்பா போயிட்டீங்க மைனி" என்றாள். ரஹீனா எலும்பாகப் போக வாய்ப்பேயில்லாதவள். ஆரிஃபா நெய்ச்சோறும் கறி ஆணமும் செய்திருந்தாள். பேச்சு முடிந்தபின் சாப்பாடு என்று அசனார் சொல்லிவிட்டார். வியாபாரக் குடும்பத்தில் வயிறு நிறைந்தால் பிடி தளர்ந்துவிடும் என்று ஒரு பயம்.

கொழுந்தன் முன்னால் ஆரிஃபா உட்காருவது வழக்கமில்லை. அதனால் பெண்கள் இருவரும் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே அசனார் அண்ணனின் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார மனம் வரவில்லை. எதிரே, வாங்க வருகிறவர்களின் மர நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபயாஸ் மற்றதில். அவர்கள் செய்த தவறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது தெரியாது.

ரஹீனா இரண்டு கிளாஸ் சாயாவைத் திரைக்கு வெளியே நீட்டினாள். அசனார் கரண்டியால் கலக்கினார்.

"மைனி, நமக்குள்ள வளைச்சுப் பேச ஒண்ணுமில்ல. இந்தக் கிட்டங்கியைக் காப்பிக்கடைக்கு வேணும்னு பெங்களூர்லேருந்து ஒரு பையன் வந்திருக்கான். தலைமுடியைக் கொண்டை போட்டிருக்கான், ஆனா ஆளு டீசென்டு. செவுத்தை வெள்ளையடிக்க மாட்டானாம், அப்படியே வச்சுக்கிடுவானாம். மோனே, செவுத்துல பூசணம் பூத்துக் கிடக்கேன்னு சொன்னேன். அதைப் பாக்கத்தான் அங்கிள் ஆளு வரும்ங்கான்."

ஃபயாஸ் சிரித்தான். திரை சிரிக்கவில்லை.

"வாடகை முழுக்க மைனிக்குத்தான். எனக்கு அதுல ஒரு சாயாக் காசு வேண்டாம், அல்லாஹ் சாட்சி. நீங்க மோன்கூடக் காக்கநாட்டுல நிம்மதியா இருங்க. அவ்வளவுதான். என்ன சொல்லுறீங்க?"

ஆரிஃபா வாயைத் திறந்தாள். சனிக்கிழமை முழுக்கச் சட்டிபானைகளிடம் சொன்னது நாக்கு நுனியில்தான் இருந்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி முயன்றாள். இல்லை. ரஹீனா அவள் தொடையைத் தட்டி, "சொல்லுங்க மைனி, கேக்காங்கள்ல" என்று கிசுகிசுத்தாள். ஆரிஃபா தலையை மட்டும் ஆட்டினாள்.

தகரக்கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. வெளியே கரண்டி கிளாஸில் ஒருமுறை தட்டியது.

அசனார் ஃபயாஸைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இருபது வயதிலிருந்து கயிறு விற்றவர். ஒரு விலை சொல்லி எதிர்ப்பக்கம் சும்மா இருந்தால் அவருடைய உடம்பு தானாகவே ஒரு வேலை செய்யும். செய்தது.

"பின்னே, அந்த ஃப்ளாட்ல மைனிக்குத் தனி ரூம். அல்லேடா ஃபயாஸே?"

"குட்டியோட ரூம்ல ஒரு பெட்டு போடலாம்னு லமியா..."

"தனி ரூம்னு சொன்னேன்."

"ஆ... தனி ரூம்தான் உம்மா."

திரை சும்மா இருந்தது.

"பாத்ரூம் ரூமுக்குள்ளயே" என்றார் அசனார், தன் வீட்டைக் கொடுப்பவர் மாதிரி. "தொழுகைக்கு ஒளு எடுக்க வெளிய வர வேண்டாம்."

நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆரிஃபா தலையை நிமிர்த்தினாள். இந்தச் சத்தங்களை அவள் அறிவாள். முதலில் கரண்டி. பிறகு நாற்காலி. பிறகு தொண்டை. அதற்குப் பிறகு வருவது எப்போதும் ஒன்றுதான்.

"இந்த வருசம் மக்காவுக்கு உம்ரா செய்ய, ஃபயாஸையும் சேர்த்து நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அசனார். "நானும் போகணும்னு நிய்யத்து வச்சுட்டுத்தான் இருக்கேன்."

ரஹீனா முக்காட்டைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரிஃபாவின் காதில் சொன்னாள்: "மைனி, உம்ராவுக்கு வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் இப்படியே இருந்தீங்கன்னா ஹஜ்ஜுக்கே வந்துரும்."

ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டபோது தொண்டையில் ஏதோ ஒன்று இளகியது. இப்போது பேசலாம் என்று தோன்றியது. குரல் வந்துவிட்டது, அங்கேயே நிற்கிறது, கூப்பிட்டால் வரும்.

அவள் கூப்பிடவில்லை.

முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவருடைய நாக்குதான் எல்லாம் செய்தது என்றால், இப்போது திரைக்கு வெளியே அது இல்லையே. பின்னே இவர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள்? பேசியது அவர். பேசாமல் இருந்தது யார்? அவருக்கு அது வராது. தூங்கும்போதுகூடச் சும்மா இருக்கத் தெரியாத மனுசன். இத்தனை வருசம் இந்தப் பக்கம் உட்கார்ந்து, வெளியே இருப்பவனின் மூச்சைக் கேட்டு, இவன் இன்னும் ஏறுவான், இவன் போதும், இவன் இனி கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவான் என்று கணக்குப் பார்த்து வளையலைக் குலுக்கியவள் அவள்தான்.

இந்த மழைக்காலம் முழுக்க அவள் வேறு என்ன செய்தாள்? ஃப்ரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு விடியலிலிருந்து அந்திவரை சும்மா இருந்தாள். அதைவிடக் கனமான மௌனத்தை இந்தத் தெருவில் யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். வெளியே இருக்கும் இரண்டு ஆண்களுக்கும் ஒரு சாயா ஆறுகிற நேரம்கூடத் தாங்கவில்லை.

அசனார் எழுந்தார். "சரி, லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. மைனிக்கு என் பேச்சுல விருப்பமில்லைன்னு தோணுது. நான் இறங்குறேன்." கிட்டங்கியைத் தாண்டி அவருடைய செருப்புச் சத்தம் போனது. ஃபயாஸ் பதறிக்கொண்டு, "உம்மா, சாச்சா போறாங்க" என்றான். ரஹீனாவும் பதறினாள். ஆரிஃபா விரலை உதட்டில் வைத்தாள். காதைக் கூர்மையாக்கினாள். சடக் என்று குடை விரிகிற சத்தம் கிட்டங்கிக்கு உள்ளேயே கேட்டது. உண்மையாகவே போகிறவன் குடையைத் தெருவில் இறங்கி விரிப்பான். உள்ளே விரிக்கிறவன் யாராவது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறவன்.

யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குடை மடங்கியது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"அல்ல மைனி, உங்களுக்கு என்னதான் வேணும்?" அவர் குரலில் இப்போது கயிற்றுக்கடைக்காரர் இல்லை, வெறும் தம்பிதான் இருந்தார். "கடையா? கடையை நீங்களே நடத்தணுமா? அதுக்கா இந்த இருப்பு? வெளியாளுங்ககிட்ட யாரு பேசுவா? அண்ணன் பேச்சுக்கே இந்தத் தெருவுல ஒண்ணும் லேசா நடக்கல. சரி. எனக்குன்னா எதிர்ப்பில்ல. உள்ள கிடக்கிற சரக்கை இந்த மழைக்குள்ள வித்துக் காட்டுங்க. பாதி பூச்சி தின்னுட்டுப் போயிட்டுன்னா அப்பக் காக்கநாட்டுக்குப் போயிரணும். வித்துட்டீங்கன்னா நான் இதுபத்தி வாய் திறக்க மாட்டேன்."

அதுதான் விலை. இதற்குமேல் ஏறாது என்று அவருடைய மூச்சே சொன்னது. ஆரிஃபாவின் வலது கை தானாக உயர்ந்து குலுங்கியது.

ஒரு சத்தமும் இல்லை. வெறும் மணிக்கட்டு. வளையல் இருந்த இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அதைப் பார்த்த ரஹீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கையை உயர்த்தினாள். அதில் ஒரு கை நிறையக் கண்ணாடி வளையல். குலுக்கப்போன கையை ஆரிஃபா எட்டிப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

"சம்மதம் தம்பி" என்றாள். கரகரப்பாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. அந்தத் திரை அத்தனை வருசத்தில் முதல்முறையாகப் பேசியது அப்போதுதான். "சாவியை மேசைமேல வச்சிட்டுச் சாப்பிட வாங்க. ஆணம் ஆறுது."

சாப்பிட்டு முடித்தபின் ஃபயாஸ் அடுக்களைக்கு வந்து நின்றான். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை முகம்.

"வெளியாளுங்ககிட்ட நீங்களும் வாப்பாவும் செஞ்ச வேலையை எங்ககிட்டயே செஞ்சுட்டீங்க."

"முதல்ல செய்யலடா. தொண்டை வரல."

"பின்னே?"

"பின்னே வந்துச்சு."

"வந்தும் பேசல."

"ஆமா" என்றாள். "குட்டியை ஞாயித்துக்கிழமை தோறும் கூட்டிட்டு வா. லமியாகிட்ட அந்த ஒலிப்பதிவைக் காலையில அனுப்ப வேண்டாம்னு சொல்லு. சாயங்காலமா அவளே போன் பண்ணட்டும். ஒரு மனுசக் குரல் போதும்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு எல்லோரும் போனார்கள்.

ஜெயித்த வீடு மாதிரி அது இல்லை. கழுவ நான்கு தட்டு இருந்தது, கழுவினாள். அது முடிந்ததும் ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது. இதுவரை வந்ததில் மிகப் பெரிய பேரத்தை முடித்திருக்கிறாள், "எப்படி?" என்று கேட்க யாருமில்லை. மேசைமேல் சாவி கிடந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகினாள். சில்லென்று இருந்தது.

மறுநாள் கிட்டங்கியைத் திறந்தாள். பூட்டிக்கிடந்த ஈரமும் சுக்கின் காரமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தும்மினாள். தெருவில் சுமை தூக்கும் நாணு ஓடி வந்தான். நரைத்த மீசை, நீலச்சட்டை, தோளில் கொக்கி. இரண்டு பேருமாகச் சேர்ந்து மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சுவரோரத்தில் இருந்தவற்றில் பூஞ்சை. நடுவில் இருந்தவை பிழைத்துவிட்டன. கெட்டதைத் தனியாகக் கொட்டி, நல்லதைப் புடைத்து, புதுச் சாக்கில் மாற்றினார்கள். வேலையெல்லாம் முடிகிற வரைக்கும் ஆரிஃபாவின் கண்ணும் மூக்கும் எரிந்துகொண்டே இருந்தன. அழுவதற்கு இப்படி ஒரு சௌகரியமான காரணம் கிடைத்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வெங்கடேஸ்வரன் அந்த வாரக் கடைசியில் வந்தார். பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர், ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சரக்கு எடுப்பவர். முகைதீன் பிச்சையோடு அவர் போட்ட வாய்ச்சண்டைகள் தெருவுக்கே வேடிக்கை. ஆரிஃபா அன்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கறுப்பு முக்காட்டோடு. அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு எதிர் நாற்காலியில் அமர்ந்து, அவள் வைத்த சாயாவை அருகில் இழுத்துக்கொண்டார். அன்று காலையில்தான் நாணு, மழையில் தார்ப்பாய் மூடிச் சுமை ஏற்றுவதற்கு மழைக்கூலி தனியாக வேண்டும் என்று கேட்டிருந்தான். சரக்கு விற்கட்டும், சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தாள். அவன் வாசலில் பீடியோடு காத்திருந்தான்.

வெங்கடேஸ்வரன் ஒரு சுக்கை எடுத்து உடைத்தார். டக் என்று ஒடிந்தது. முகர்ந்தார்.

"மழை குடிச்சிருக்கு."

ஆரிஃபா தன் புருஷன் பேசுவது மாதிரியே பேசிப் பார்த்தாள். "அதெப்படி சார், இது வெயிலையே குடிச்சு வளர்ந்த சரக்கு. இது மாதிரி இந்தப் பஜார்ல..." பாதியில் நின்றுவிட்டது. அந்த வாக்கியம் அவள் வாயில் கடன் வாங்கிய செருப்பு மாதிரி டபடபவென்று அடித்தது.

வெங்கடேஸ்வரன் சிரிக்கவில்லை. "அவரை மாதிரிப் பேச வேண்டாம் கேட்டேளா. அவர் சொன்னதுல பாதி பொய். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்காகத்தான் ரெண்டு பேரும் காத்துண்டு இருப்போம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு விலை சொன்னார். நியாயமான விலை இல்லை, அநியாயமான விலையும் இல்லை. ஆரம்பிக்கிற விலை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் விலை முட்டும்போது செய்கிற காரியத்தை ஆரிஃபாவும் செய்துவிட்டாள். கழுத்தைத் திருப்பி, பச்சைத் திரையைப் பார்த்து, "என்ன சொல்றீங்க? கொடுக்கட்டுமா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது. உள்ளே யாருமில்லை. அடுக்களையில் ஒரு பாத்திரம்கூட அசையாது. உள்ளே யாருமில்லை என்று வெங்கடேஸ்வரனுக்கும் தெரியும். மையத்து அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர் அவர்.

ஆனாலும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். திரை எப்போதும் போலச் சும்மா இருந்தது. இப்போது இன்னும் நன்றாகச் சும்மா இருந்தது.

சாயா கிளாஸில் கரண்டி ஒருமுறை தட்டியது. நாற்காலி கிரீச்சிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வெங்கடேஸ்வரன் விலையை ஏற்றினார்.

திரை அசையவில்லை. மழை வலுத்தது. அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பிறகு, பழகின சத்தத்துக்காகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

"வளையல் சத்தம் வரலியே" என்றார் மெதுவாக.

"இனி வராது சார்."

"வராது. ஆமாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்போ முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியறது?"

"நான் சொல்லணும்."

"சொல்லுங்கோ பின்னே."

அவள் உடனே சொல்லவில்லை. அவருடைய மூச்சைக் கேட்டாள். இவரிடம் இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கிறது என்று இத்தனை வருசப் பழக்கம் சொன்னது. காத்திருந்தாள். அவர் பெருமூச்சு விட்டு, தலையில் கை வைத்து, அந்த ஒரு படியும் ஏறினார்.

"முடிஞ்சது" என்றாள்.

"ரெண்டு பேரா இருந்து பிடுங்கினது போதாதுன்னு..." என்று முனகிக்கொண்டே அவர் எழுந்தார். கிட்டங்கியைக் கடந்து, தெருவில் இறங்கி, அங்கே நின்று குடையை விரித்தார்.

ஆரிஃபா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சுவரில் அவருடைய தோள்துண்டு ஆணியில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். யாரும் "எப்படி?" என்று கேட்கவில்லை.

"அவசரப்பட்டுட்டீங்க" என்றாள் அவள்.

காயலில் படகு ஒன்று போனது.

"சேச்சி" என்று வாசலிலிருந்து நாணுவின் குரல். "சாக்கு ஏத்தட்டே?"

அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை.

"அல்ல சேச்சி, ஏத்தட்டேன்னு..." நாணுவும் அந்தத் தெருவில் வளர்ந்தவன்தான். திரையின் மௌனம் அவனையும் விடவில்லை. பீடியை மிதித்து அணைக்கிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினான். "மழைக்கூலி ஞான் சும்மா கேட்டதாக்கும். பாதி மதி, அது போதும்." இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. "வேண்டா, பழைய கூலியே மதி சேச்சி."

ஆரிஃபாவுக்குச் சுரீர் என்றது. திரும்பினாள்.

"நாணு, நீ கேட்ட மழைக்கூலி முழுசா உண்டு. ஏத்து."

முதல் முறை கூப்பிட்டதுமே குரல் வந்தது. நடு அறையைத் தாண்டி, கிட்டங்கியைத் தாண்டி, மழையையும் தாண்டித் தெருவரைக்கும் போனது. சளி பிடித்த குரல் இல்லை. ஆணியிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்குமேல் மழைக்குப் போட்டுக்கொண்டு, மூட்டைகள் வண்டி ஏறுவதைப் பார்க்க அவள் திரைக்கு வெளியே போனாள்.